வலது கால்

“வலது கால்... வலது கால மிதிங்க! ஐயோ, போகுது பாருங்க!”

மனைவி கத்தி முடிப்பதற்குள், திரையில் ஓடிய விமானம் ஓடுபாதையின் இடது ஓரத்தைத் தாண்டிப் புல்லில் இறங்கி, வேலியில் மோதி நின்றது. மெக்கானிக் விசையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கை வேர்வையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

“இதோட ஆறு தடவை,” என்றாள் அவள்.

“எண்ணிக்கிட்டே இருக்காதே.”

மணி எட்டே கால். பத்து மணிக்கு விசாரணை.

போன மாதம் விமானப் பயிற்சி நிலையத்தின் சின்ன விமானம் ஒன்று இப்படித்தான், மேலே எழும்பும் முன்பே இடது பக்கம் ஓடி வேலியில் மோதியது. பைலட் உயிரோடு வெளியே வந்ததே பெரிய விஷயம். நொறுங்கியதைச் சோதித்த அதிகாரிகள், விமானம் நேராகப் போவதற்காக வாலில் இருக்கும் உள்ளங்கை அகலத் தகடு தப்பான பக்கம் வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முந்தைய நாள் அதை வளைத்து வைத்தவர் மெக்கானிக்தான். இருபத்தாறு வருட வேலையில் முதல் பிசகு.

ஆனால் அதிகாரிகளுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. தகடு அப்படி இருந்தாலும், பைலட் ஒழுங்காக மிதித்திருந்தால் விமானத்தை நேராக ஓட்டியிருக்க முடியுமா? முடியும் என்றால் பைலட்டின் லைசென்ஸ் போகும். முடியாது என்றால் மெக்கானிக்கின் வேலை போகும்.

அதே பிசகை இந்த வீட்டுக் கணினி விமானத்திலும் வைத்துத்தான் விடிந்ததிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அது ஏங்க இடது பக்கமே இழுக்குது?”

“ஒத்த ப்ரொப்பல்லர். முழு வேகத்துல சுத்துறப்போ மூக்கு தானா இடது பக்கம் திரும்பும். எப்பவுமே அப்படித்தான். வலது கால வச்சு சரிக்கட்டணும். அன்னைக்கு என் தகடும் சேர்ந்து இழுத்திருக்கு.”

போன் அடித்தது. பயிற்சி நிலையத்தின் மேலாளர்.

“என்னப்பா, ஓட்டிப் பாத்தியா?”

“பாத்துட்டுத்தான் இருக்கேன் சார். கோட்டுல நிக்க மாட்டேங்குது.”

“நல்லா பாரு. நேரா போச்சுன்னா நீ தப்பிச்சே. உன் சங்கடம் எனக்குப் புரியுது. ஆனா உள்ளதச் சொல்லு. இத்தனை வருஷத்துல ஒரு ரெஜிஸ்டர்ல கூட நீ பொய்யா கையெழுத்துப் போட்டதில்ல. அதனாலதான் முதல்ல உன்னைக் கேக்கறாங்க. ஒம்போதுக்குக் கூப்பிடறேன்.”

ஏழாவது தடவையும் வேலி. எட்டாவது தடவையும் வேலி.

ஒன்பதாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

“நிஜமா மிதிக்கிறீங்களா?”

“மிதிக்காம பின்ன?”

“பெடல் பாதி கூட இறங்கல.”

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எழுந்திரிங்க. நான் உக்காரறேன்.”

“உனக்கு இதுல என்ன தெரியும்?”

“இருபது வருஷமா தையல் மிஷின் மிதிக்கிறேன். எங்க எவ்ளோ அழுத்தணும்னு என் காலுக்குத் தெரியும்.”

“வேணாம், விட்டுடு.”

“எப்படி விடறது? மனசறிஞ்சு ஒரு பொய்யைச் சொல்லிட்டு நீங்க தூங்குவீங்களா? எது நிஜம்னு தெரிஞ்சாகணும்.”

அவர் எழுந்தார். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, வெறுங்காலைப் பெடல்மேல் வைத்தாள். அவர் காட்டிய வேக விசையை முழுக்கத் தள்ளினாள். என்ஜின் அலறியது. மூக்கு இடது பக்கம் திரும்பியது. மிதித்தாள். இன்னும் திரும்பியது. இன்னும் மிதித்தாள். புல் கிட்டே வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பெடலைக் கடைசிவரை அழுத்தினாள்.

மூக்கு நடுங்கியது. மெல்ல வலது பக்கம் வந்து, நடுக்கோட்டில் நின்றது. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக அடியில் ஓடின.

“இப்போ ஸ்டியரிங்க மெதுவா உன் பக்கம் இழு,” என்றார் அவர்.

விமானம் மேலே ஏறியது. வேலி எங்கோ கீழே போய்விட்டது.

விமானத்துக்குள் கால் வைத்தே அறியாதவள் அவள்.

“நேரா போகுதுங்க,” என்றாள்.

“இன்னொரு தடவை.”

மறுபடியும் நேராகவே போனது. அடுத்த தடவையும் அப்படியே.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

“நேரா போகல சார்,” என்றார் மெக்கானிக். “யார் மிதிச்சாலும் போகாது. தப்பு என்னோடதுதான். அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க.”

மேலாளரின் குரல் உயர்ந்தது.

“யோசிச்சுத்தான் சொல்றியா? இருபத்தாறு வருஷம்யா!”

“யோசிச்சுட்டேன் சார்.”

அவர் போனைக் கீழே வைக்கவும், உள்ளறைக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. வலது கையில் மாவுக்கட்டும், பாதி பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையுமாக அவர்களுடைய மகள் வந்து நின்றாள்.

“அம்மா, ஒத்தக் கையால முடியல, இந்தப் பட்டனைப் போட்டு விடேன். விமானத்த ஓட்டினவளே விசாரணைக்கு லேட்டா போய் நின்னா நல்லாவா இருக்கும்?”