குளம்புக்குக் கீழே

சத்தியமாகச் சொல்லுகிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு கருவாடாகப் போகட்டும்.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பியிருந்த நேரம். எங்கள் சந்தியோகுமையோர் கோயிலுக்கு, கையில் தூக்கித் திரிகிற எக்ஸ்ரே மெசினோடு கம்பஸிலிருந்து ஜெயந்தினி என்றொரு பிள்ளை வந்தாள். வாளோடு குதிரையில் வரும் புனிதரின் பழைய பலகைப் படம் ஷெல் பட்டு வெடித்திருந்தது. திருத்த முதல் உள்ளே என்ன நிலை என்று பார்க்க வேண்டுமாம்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தவர் எருக்கலம்பிட்டி அப்துல் ஹமீட். கோயில் கூரைக்கு மரவேலை செய்ய வந்தவர்.

கோயில் பார்க்கிற யோசேப்பர் முகத்தைச் சுளித்தார்.

“தங்கச்சி, ஹமீட்டை வீட்ட அனுப்பிப்போட்டு எடுங்கோ. இது எங்கட கோயில் விசயம்.”

ஹமீட் உளியைப் பைக்குள் வைத்தார்.

யோசேப்பரின் மனைவி றஞ்சிதத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. “கூரை போட மட்டும் அவர் வேணும், என்ன? வெக்கமில்லையே உங்களுக்கு!”

“எக்ஸ்ரேக்குச் சாதி சமயம் தெரியாது அண்ணை,” என்றாள் ஜெயந்தினி. “எல்லாரும்தான் வெளிய நிக்கோணும். நீங்களும் போங்கோ.”

கொஞ்ச நேரத்தால் எல்லாரையும் கூப்பிட்டாள். கொம்பியூட்டரில் குதிரை இருந்தது. அதன் காலடியில் இருந்த நீலக் கடலைக் காணவில்லை. தலைப்பாகை கட்டிய தாடிக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்தார்.

“கடல் பிறகு அடிச்சது. வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற். ஆர் செய்த வேலை?” என்று கேட்டாள் ஜெயந்தினி.

யோசேப்பர் தலையைக் குனிந்தார்.

“நான்தான். இவையள், முஸ்லிம் சனம், புத்தளத்தால திரும்பி வருகினம் எண்டு கேள்விப்பட்டன். குதிரை மிதிக்கிற இடத்தில ஒரு சோனகர் கிடக்கிறதை என்னெண்டு காட்டுறது? அதுக்குத்தான் ஹமீட்டைப் போகச் சொன்னனான்.”

ஹமீட் திரைக்குக் கிட்ட வந்தார்.

“யோசேப்பு, இது எங்கட வாப்பா.”

“என்ன!”

“படம் கீறேக்க, மிதிபடுற ஆளாய்ப் படுக்க உங்கட ஆக்கள் ஒருத்தரும் சம்மதிக்கேல்லயாம். ஓடு இறக்க வந்த வாப்பா சிரிச்சுக்கொண்டு படுத்தவராம். தொண்ணூறில எங்களை ஊரை விட்டுக் கலைக்கேக்க வீட்டில இருந்த அவற்ற படமெல்லாம் போச்சு. திரும்பி வந்த அண்டைக்கே இங்கதான் ஓடி வந்தனான். கடல்தான் இருந்துது. அவரையும் கலைச்சுப்போட்டீங்கள் எண்டு நினைச்சன்.”

யோசேப்பர் கண்ணைத் துடைத்தார். “தங்கச்சி, வெடிப்புக் கிடக்கட்டும். முதல்ல அந்தக் கடலைக் கழட்டுங்கோ.”

நான் சொன்னதென்று மட்டும் சுவாமியாரிடமோ பள்ளிவாசலிலோ மூச்சு விட்டுவிடாதீர்கள். திருநாளுக்குக் கோயிலிலும் பெருநாளுக்குப் பள்ளிவாசலிலும் எனக்குச் சோறு இருக்கிறது.