கிழக்குச் சுவர்

“பின்சுவர் வேணாம். கிழக்குச் சுவர்லதான் ஓட்டை போடணும். பக்கத்து வீட்டுக்காரி சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரா” என்றார் மாக்னுஸ்.

லோர்ன் அளவு நாடாவைச் சுருட்டினான். வீடுகளில் கேஸ் கணப்பு பொருத்துவது இருபது வருஷமாக அவன் பிழைப்பு. பின்சுவர் என்றால் அதன் புகைக்குழாய் ஒன்றரை அடியில் வெளியே போய்விடும். கிழக்குச் சுவர் என்றால் மேலே ஏற்றி, இரண்டு இடத்தில் வளைத்து, பன்னிரண்டு அடி இழுக்க வேண்டும்.

“எதுக்குப் பெரியவரே வீண் சுத்து? குழாய் நீண்டா தீ ஒழுங்கா நிக்காது. அரை நாள் உட்கார்ந்து சரி பண்ணணும்.”

“பண்ணு. சும்மாவா பண்ணப் போற? சுருக்கு வழி சொல்றவனை நான் நம்புறதில்ல.”

மேசையருகே ஒரே ஒரு நாற்காலி. வந்தவனை உட்காரச் சொல்ல அந்த வீட்டில் இன்னொன்று கிடையாது. கோடையில் கூரை மாற்ற வந்தவர்கள் பழைய விறகடுப்பின் புகைபோக்கியை இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கனடாவின் மானிடோபாவில் முதல் பனியும் விழுந்தாயிற்று.

“பக்கத்து வீட்டுல யாரு?”

“ஸ்டெஃபானியா. பதினோரு வருஷமா பேச்சு இல்ல. தன் வாசல் பனியை வாரி என் வாசல்ல கொட்டினவ. போன பிப்ரவரியில நான் காய்ச்சல்ல எழுந்திருக்காமக் கிடந்தப்போ போலீஸை அனுப்பி என் கதவை உடைக்க வெச்சவளும் அவதான்.”

லோர்னுக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் பகை என்றால் பனியில்தான் முளைக்கும்.

“அதுக்காக அவங்க மூஞ்சிக்கு நேரா புகை விடணுமா?”

“விதியில இடம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு.”

“இருக்கு. அவங்க ஜன்னல் முப்பது அடி தள்ளித்தான் இருக்கு. பனி மூடாத உயரத்துல வெச்சாப் போதும்.”

“குளிர்ல நல்லாத் தெரியுமா?”

“நீராவிதானே. எவ்வளவு குளிரோ அவ்வளவு வெள்ளையாத் தெரியும்.”

“கணப்பை ஏத்தாத அன்னிக்கு?”

“ஒண்ணும் வராது.”

“அது போதும். காலையில காபி போட வந்தா அவ கண்ணுல அதுதான் படணும்.” மாக்னுஸ் தனக்கு மட்டும் காபியை ஊற்றிக்கொண்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார்.

லோர்ன் வெளியே போய்ச் சுவரில் பென்சிலால் வட்டம் போட்டான். துளைக்கும் கருவியை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. வீட்டு உடுப்பின் மேல் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலைப் பனியில் குத்திக் குத்தி ஸ்டெஃபானியா வந்தாள். இவள் புகார் எழுதிப் போட்டால் தன் உரிமத்துக்கல்லவா ஆபத்து என்று அவன் சுவரைவிட்டுத் தள்ளி நின்றான்.

“அம்மா, இது அந்தப் பெரியவர் சொன்ன இடம். நான் கூலிக்கு வந்தவன்.”

“அந்தக் கிழத்துக்கு மூளை எப்போ இருந்தது? அங்க ஓட்டை போடாதே!”

“பின்சுவர்ல வெச்சிடலாம்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“பின்சுவரா? உனக்கும் மூளை இல்லையா?” அவள் ஊன்றுகோலை நீட்டி, வட்டத்துக்கு இரண்டடி தள்ளிச் சுவரைத் தட்டினாள். “இங்க வை. அங்க வெச்சா என் வாசல் மரம் மறைச்சிடும்.”

“மறைச்சா உங்களுக்கு நல்லதுதானேம்மா?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்புறம் ஒரு நாள் காலையில அந்த ஆளு வீட்டுப் புகை வரலேன்னா, போலீஸைக் கூப்பிட வேற யார் இருக்கா?”