அரை மீன் நடுவர்

“நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும்…” என்று பெரியப்பா ஏதோ சொல்லுவார். இரண்டு பக்கமும் சோறா, அடியா என்பதுதான் கொக்குக்கு மறந்துபோயிருந்தது.

ஏரிக்கரைக் கபடிக்கு அதுதான் நடுவர். பாடிப்போகிறவனின் மூச்சு எங்கே அறுந்தாலும் அதன் காதுக்குத் தப்பாது. ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு கெண்டை மீன் என்று இருந்தது. இந்த வருஷம் செயலாளர் உடும்பு ஒரே நாளில் ஏழு ஆட்டம் போட்டு, மொத்தக் கூலியையும் அரை மீனாக்கிவிட்டது.

“வேலை கூடுது, கூலி குறையுதே?” என்றது கொக்கு.

“ஒத்தக் கால்லதானே அண்ணே நிக்கிறீங்க? முழுசாக் கொடுத்தா, கோட்டோரம் ரெண்டு காலையும் ஊனி நிக்கிற மைனா சும்மா இருக்குமா?”

கொக்கு போய் நின்றது. கோப்பைக்கான ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பாட்டின்போது அதற்குக் கண் செருகிவிட்டது. கூச்சலில் விழித்தபோது, தவளை மூன்று நண்டுகளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருந்தது.

“நடுவுல மூச்சு விட்டுட்டான். அவன்தான் அவுட்டு” என்றன நண்டுகள்.

“விடவே இல்லப்பா. மூணு பேரும் வெளிய போங்க. கோப்பை எங்களுது” என்றது தவளை.

“அண்ணன் சொல்லட்டும். அவர் காதுக்குத் தெரியாததா?” என்றது உடும்பு.

கொக்கு தனக்கு வைத்திருந்த அரை மீனை ஒருமுறை பார்த்தது. பிறகு, நண்டுகளில் ஒன்றரை அவுட் என்று தீர்ப்புச் சொன்னது.