பாதியில் நின்ற கட்டு

போன தேர்தல் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது புஷ்பராணி மதினி சொன்ன கதை இது.

காட்டை ஆண்ட யானை கொண்டுவந்த இலவச வைத்தியத்தில், வாத்து நர்ஸம்மா ஆட்டின் புண்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் சேதி வந்தது. இலவசத்தை நிறுத்துவேன் என்ற குரங்கு தேர்தலில் ஜெயித்துவிட்டதாம்!

"இனி சுத்தவா, அவிழ்க்கவா?" என்று வாத்து திகைத்தாள்.

ஆடு பதறிக் கத்தியது. "யானைதான் எப்படியும் ஜெயிக்குமே நர்ஸம்மா! பாவம், ஒரு ஓட்டாவது விழட்டும்னு குரங்குக்குப் போட்டேன்."

"அடப்பாவி, நானும்தான்!"

குரங்கிடமே ஓடிக் கேட்டார்கள்.

"எனக்கென்ன தெரியும்? நானே யானைக்குத்தான் போட்டேன்," என்று அது முழித்தது.

மிச்சத் துணியைத் தின்றுவிடாமல் வாயில் கவ்விக்கொண்டு, ஆடு இன்னும் மூன்று காலில் நிற்கிறதாம். அதற்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்.