விரித்து வைத்த கைகள்

பியூலாவின் கைகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்த காலமெல்லாம், நோயாளிக்கு மூச்சு நின்ற மறுநொடி அவை தாமாகவே மார்பின்மேல் ஏறி அழுத்தத் தொடங்கிவிடும். அப்படி எத்தனையோ பேரை மீட்ட கைகள். இனி குணமாகாதவர்கள் அமைதியாகப் போவதற்கென்றே நடக்கும் இந்த இல்லத்துக்கு வந்த பிறகு, அவற்றை அவளே நம்பவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது இங்கே படுக்கையில் இருந்த லோகாம்பாளும் நம்பவில்லை.

"எனக்கு மூச்சு நின்னா நின்னதுதான். நெஞ்சுல கைய வச்சே, எந்திரிச்சுக் கடிச்சிருவேன்."

"வைக்கல டீச்சர்."

"சத்தமாச் சொல்லு."

"வைக்க மாட்டேன் டீச்சர்."

"அப்ப நகத்த வெட்டி விடு. திங்கக்கிழமை பிரேயர்ல பிள்ளைங்க நகத்தப் பாத்துப் பாத்து அடிச்சவ நான். இந்த லட்சணத்துல போனா அதுங்க சிரிக்கும்."

இடக்கை முடிந்து வலக்கைக்கு வந்தபோது டீச்சர் கண்ணை மூடியிருந்தார். நடுவிரல் நகத்தை வெட்டுகையில் மூச்சு நின்றது. பியூலாவின் கைகள் விருட்டென்று எழுந்தன. மார்புக்கு நேர்மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்ல இறங்கி மோதிரவிரலைப் பிடித்தன. அதன் நகத்தை வெட்டி, சுண்டுவிரல் நகத்தையும் வெட்டி முடித்தன.

டீச்சரின் இரண்டு கைகளையும் போர்வையின்மேல் கவிழ்த்து, வரிசையில் நிற்கும் பிள்ளை காட்டுவதுபோல் விரல்களை விரித்து வைத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு தன் கைகளையும் அவற்றின் பக்கத்தில் அதேபோல் விரித்து வைத்து, தலை நிமிர்ந்து நின்றாள்.