ஆமை நீட்டிய கழுத்து

மனசில் பாரம் உள்ளவர்கள் எல்லாம் குளக்கரை ஆமையிடம்தான் போய்ச் சொல்லி அழுவார்கள். பழம் கொண்டுவந்தவர்களுக்கு ஆமை கழுத்தை முழுசாக நீட்டிக் கேட்கும். வெறுங்கையோடு வந்தால் ஓட்டுக்குள் இருந்தபடியே ‘ம்’ கொட்டும்.

இதைப் பார்த்த யானை ஒரு குவியல் பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கியது. “இனிமே இல்லாதவங்களுக்கும் கழுத்தை நீட்டிக் கேளு தாயி” என்றது.

காற்றில் கூடு விழுந்து, குட்டியைப் பறிகொடுத்ததிலிருந்து அணிலுக்குத் தூக்கமே இல்லை. நாவல்பழத்தோடு வந்து வரிசையில் நின்றது. முன்னால் எலி வெறுங்கையோடு பேசிக்கொண்டிருந்தது. ஆமையின் கழுத்து முழுசாக வெளியே இருந்தது. அணிலுக்கு வயிறு எரிந்தது.

தன் முறை வந்ததும் கேட்டது: “ஏன்க்கா, சும்மா வந்த எலிக்கும் இவ்வளவு நீளம், பழம் கொண்டாந்த எனக்கும் இவ்வளவுதானா?”

“எனக்கு இருக்கிறதே இவ்வளவு கழுத்துதான்டி.”

“அவ அழுததே நடிப்புக்கா. ஒரு வேர்க்கடலை கேட்டா தரமாட்டா. யானைக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது?”

ஆமை பொறுமையாகக் கேட்டது. எலியின் வாலில் தொடங்கி எலியின் மாமியார் வரைக்கும் அணில் பேசி முடிப்பதற்குள் அதன் முறைக்கான நேரம் தீர்ந்துவிட்டது.

“அடுத்தது யாரும்மா?” என்றது ஆமை. தவளை வந்து உட்கார்ந்தது.

பாதி மரம் ஏறிய பிறகுதான், குட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அணிலுக்கு உறைத்தது.