சோதனைக்குக் கொஞ்சம்

தூத்துக்குடி வீட்டில் ஜெபசுதாவின் போன் அடித்தது. கப்பல் இன்ஜினியரான கணவன் கிருபாகரனின் குரல். பின்னணியில் எந்த இரைச்சலும் இல்லாமல் துல்லியமாக வந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஏளா சுதா, நம்ம கிரிப்டோ சேமிப்பை நான் சொன்ன நெட்வொர்க்குக்கு மாத்திட்டியா?"

"ரெண்டும் வேற வேற நெட்வொர்க்காச்சே. எப்படிப் போகும்? இன்னொரு தடவ சொல்லுங்க."

"நடுவுல ஒரு பாலம் இருக்கு. இங்கன உள்ள காயினை அது பூட்டி வைக்கும். அங்கன அதே அளவுக்குப் புதுசாக் கொடுக்கும். முகவரி தப்புனா திரும்ப வராது."

"அப்பம் சோதனைக்குக் கொஞ்சம் அனுப்புதேன்."

"தினமும் இதையே சொல்லுத."

"பயமா இருக்குல்லா. வந்துச்சான்னு பாருங்க."

"வந்துட்டு. இப்பம் மிச்சத்தையும் அனுப்பு."

"நாளைக்குக் கூப்பிடுங்க, அனுப்புதேன்."

போனை வைத்தவளைத் தங்கை பெனிஷா வெறித்துப் பார்த்தாள். "அக்கா, அத்தானை அடக்கம் பண்ணி மூணு மாசமாச்சு. எவனோ கம்ப்யூட்டர்ல அவர் குரலைச் செஞ்சு ஏமாத்துதான்."

"தெரியும்ளா" என்றாள் ஜெபசுதா. "முழுசையும் அனுப்பிட்டா, பிறகு கூப்பிடவே மாட்டானே."